சாம்பல் வம்சமும் எங்கள் அத்தையும்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் நடந்த சண்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் ஆடிய கணினி விளையாட்டுகளில் எது உசத்தி என்று யாரோ கேட்கப்போக, நரைக்குச் சாயம் அடிக்கிற ஆட்களெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கார் ஓட்டும் விளையாட்டு, ஒருவருக்குத் துப்பாக்கி. நான் ஒரு ரத்தக்காட்டேரி விளையாட்டின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒன்று வந்ததா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார். அத்தோடு என் பேச்சு எடுபடவில்லை.

இங்கே பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பிடித்து, எவனோ கொடுத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவீர்கள். அது மட்டமான விளையாட்டு என்று எழுதினவர்கள் எல்லாம் ஒரு தடவை ஆடினவர்கள். இரண்டாம் தடவை ஆட வேண்டிய விளையாட்டு அது. நான் இரண்டாம் தடவை ஆட இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, அதுதான் என் வினை.

இரண்டாயிரம் பிறந்தால் கணினியெல்லாம் படுத்துவிடும் என்று பயமுறுத்தினார்களே, படுக்காமல் போனதற்கு மறு வருஷம். நான் ஏழாவது, அக்கா ஒன்பதாவது. கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. பின்னால் அப்பாவின் திராட்சைத் தோட்டம். கோயம்புத்தூரில் கணினி படித்த சித்தப்பா பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும்போது, தன் பழைய கணினியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அம்மா தன் பழைய சேலையில் அதற்கு உறை தைத்துப் போட்டாள். மானிட்டரை அணைத்ததும் கையை அருகே கொண்டுபோனால் புறங்கை மயிர் எழுந்து நிற்கும். மவுசுக்கு அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்குமே, அதை எடுத்துத் துடைத்துப் போடுவது என் வேலை.

கூடவே ஒரு குறுந்தகடு. உறை கிடையாது, மேலே கறுப்பு ஸ்கெட்சில் ஒரு பல் வரைந்திருந்தது. சித்தப்பா பேருந்து ஏறும் முன் சொன்னது நினைவிருக்கிறது.

“இத ஒரு தடவ ஆடுனா ஒண்ணும் புரியாது. வேற வம்சத்த எடுத்து ரெண்டாந்தடவ ஆடிப் பாருங்க, அப்பத்தான் தெரியும்.”

மழை விடாமல் பெய்கிற ஒரு துறைமுக ஊர். விடியவே விடியாது. அங்கே நீங்கள் ஒரு காட்டேரி. ஆட்டம் தொடங்கும்போது ஆறு வம்சங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். எந்த வம்சத்துக்காரனும் அடுத்தவர் வீட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. கதவைத் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் வந்து பேசுவார், அவர் வாயால் உள்ளே வரச் சொன்னால்தான் கதவு திறக்கும். சொல்லாவிட்டால் நெஞ்சடிக்கிற சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்து திரையின் ஓரமெல்லாம் சிவக்கும். கதவு கதவாகத் தட்டிப் பேசுவதே பாதி ஆட்டம். சுட்டுத்தள்ள ஆசைப்பட்டவர்களுக்கு அது எப்படிப் பிடிக்கும்?

அக்கா எடுத்தது வேட்டை வம்சம். சாம்பல் வம்சம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒரு வகைக் காட்டேரிகளை மனிதர்களுக்கு நடுவில் கண்டுபிடித்து, அவர்களுக்கு எந்தக் கதவும் திறக்காமல் செய்வது வேட்டை வம்சத்தின் பிழைப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளையாட்டுக்குள்ளேயே ஒரு குறிப்பேடு இருந்தது. வெளிச்சம் பட்டால் கன்னம் சிவக்கும். முடி கொட்டும். விரல் நுனி நீலமாகும். சாப்பாடு இறங்காது. கூப்பிடாமல் படியேற மாட்டார்கள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி, அகராதியைப் புரட்டி, அக்கா அந்தப் பக்கத்தைத் தமிழில் நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். எனக்கு மனப்பாடம்.

அந்தத் தைப்பொங்கலுக்கு அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, வருசநாட்டில் கட்டிக்கொடுத்து நாலு வருஷம். கைவலி கால்வலி என்று படுத்தே கிடக்கிறாள், வேலை ஓடவில்லை என்று அவள் புருஷன் வீட்டிலிருந்து ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையும் இல்லை. உச்சிவேளையில் தோட்டத்தில் முனி அடித்திருக்கிறது என்று அங்கே ஒரு கோடாங்கி உடுக்கடித்துச் சொல்லி, வேப்பிலையால் விளாசியும் விட்டிருக்கிறான். கழுத்தில் கறுப்புக் கயிறு மூன்று இருந்தது.

கணினி இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் திராட்சைப் பந்தல் பக்கம். வீட்டிலேயே அதுதான் இருட்டான அறை. அத்தை அங்கேதான் பாயை விரித்தாள். நாங்கள் ஆடும்போது பின்னால் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஒரே ஒரு நாள், திரையில் இருந்தவனைக் காட்டி, இவன் எதற்கு வெளிச்சத்தைக் கண்டால் ஓடுகிறான் என்று கேட்டாள். வெயில் பட்டால் எரிந்துபோவான் என்றேன்.

“பாவம்” என்றாள் அத்தை.

காட்டேரியைப் பாவம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அத்தையைக் கவனிக்கத் தொடங்கினோம். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. வாயெல்லாம் புண் என்று சோற்றைத் தள்ளி வைத்தாள். தை மாதக் காலைக் குளிரில் அவள் விரல் நுனிகள் நீலமாகிவிடும். எங்கள் பக்கத்தில் நீல விரல் அதிசயமில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக்கு மருந்தடிக்கிறவர்களுக்குக் கை, முகம், இமை எல்லாம் நீலமாகத்தான் இருக்கும். ஆனால் அத்தை மருந்துப் பக்கமே போகவில்லை. அவள் விரலைச் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லிப் பார்த்தாள் அக்கா. அந்த நீலம் போகவில்லை. சற்று நேரம் கழித்துத் தானாக மறைந்தது. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது.

அப்பாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே வைத்தியம்தான்.

“நாலு நாளு வெயில்ல நின்னு வேல பாத்தா எல்லாம் சரியாப் போகும்” என்று அத்தையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

அண்ணன் சொல்லைத் தட்டாமல் அவளும் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் கன்னம் செக்கச் செவேலென்று தடித்திருந்தது. மறுநாள் மத்தியானம் அவளைக் கூப்பிட என்னை அனுப்பினார்கள். பந்தல் தாழ்வானது, குனிந்துதான் போக வேண்டும். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே விளக்கு வைக்க வேண்டும்போல இருந்தது. இலைகளில் மருந்து சொட்டுச் சொட்டாக நீலமாகக் காய்ந்திருந்தது. இருட்டு அடர்ந்த ஒரு மூலையில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. வந்த வழியே ஓடிவிட்டேன். வேலைக்கு வந்த பெண்களும் அன்றிலிருந்து அந்த மூலைக்குப் போக மறுத்தார்கள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வீட்டில் ஒரு சண்டை. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அத்தையை அழைத்துப்போக வந்த மாமா வீட்டாருக்கு முன்னால், மானம் போகிறதே என்ற கோபத்தில் அப்பா வார்த்தையை விட்டிருக்கிறார்.

“புருசன் வீட்ல பொழைக்கத் தெரியாதவளுக்கு இங்கன என்ன சோலி?”

அத்தை அழவில்லையாம். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி நின்று சொன்னாளாம்: “இனிமே நீ உன் வாயால வான்னு சொல்லாம இந்த வாசப்படி மிதிக்க மாட்டேண்ணே.”

எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். கூடப் பிறந்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, அழைக்கிற வாய்க்காகத் தெருவிலேயே நின்று, அழைக்காததால் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டுப் போனவர்களை நான் பிற்பாடு பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கும் அது தெரியும். இரண்டு மாதத்தில் கோபம் தணிந்து வருவாள், வந்தால் வா என்று சொல்ல எவ்வளவு நேரம் என்று இருந்துவிட்டார். தானாகப் போய்க் கூப்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

மே மாதம். அப்பாவும் அம்மாவும் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இரும்புக் கிராதிக் கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளே மரக்கதவைத் திறந்து வைத்து நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் நடந்து வந்து நின்ற சத்தம். கூப்பிடவில்லை, கொண்டியைத் தட்டவில்லை.

எட்டிப் பார்த்தோம். வாசலில் அத்தை.

முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது, கால் ஊதியிருந்தது. கையில் மஞ்சள் பை. வாசலில் நிழல் என்று சொல்ல ஒரு முருங்கை மரம், அந்த நிழலில் கோழி நின்றால்கூட வெயில் அடிக்கும். வருசநாட்டிலிருந்து தேனி, தேனியிலிருந்து கம்பம், அங்கிருந்து சிற்றுந்து என்று மூன்று வண்டி மாறி வந்திருக்கிறாள்.

“அப்பா இல்லையா தாயி?”

இல்லை என்றேன். அம்மா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றேன். சாவி ஆணியில் தொங்கியது. நான் எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து, காதில் சொன்னாள்.

“வாங்கன்னு மட்டும் சொல்லாத. உள்ள வாராகளான்னு பாப்போம்.”

அத்தை வரவில்லை. கதவைத் திற என்றுகூடக் கேட்கவில்லை. படிக்கு ஒரு அடி தள்ளி நின்றாள். கூப்பிடாமல் படியேற மாட்டார்கள்! மற்ற அடையாளங்களெல்லாம் முன்பே சரியாக இருந்தன, இது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது, அவ்வளவு பழக்கம். சொம்பில் மோந்து கிராதி இடுக்கு வழியாக நீட்டினேன். வாங்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது. கொதித்தது. நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன், பாதித் தண்ணீர் படியில் கொட்டியது. மீதியை அவள் அண்ணாந்து குடித்தாள். குடித்துவிட்டுச் சொம்பைப் படியில் வைத்தாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கல்யாணத்துக்குப் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். இருந்த கொஞ்ச நிழலும் அவள் காலடியிலிருந்து முருங்கைக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. நாங்கள் கிராதிக்குப் பின்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றோம். அவள் கன்னம் எங்கள் கண்ணெதிரே சிவந்து, தடித்து, தோல் பளபளத்தது. கடைசியில் அவள் என்னைத்தான் கேட்டாள். அக்காவைக் கேட்கவில்லை.

“அப்பா சொல்லிட்டுப் போனாகளா தாயி, என்னைய உள்ள விடக் கூடாதுன்னு?”

அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வருவாள் என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு அவள் போனால் போதும் என்று இருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அத்தை சரி தாயி என்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சாலைப் பக்கம் நடந்தாள். மின்சாரம் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அக்கா சொன்னாள், ஆனால் அவளும் கணினியைப் போடவில்லை. அத்தை வந்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோம். சொன்னால் காட்டேரி திரும்பி வரும் என்பது எங்கள் கணக்கு.

போன வருஷம், கொல்லத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய விளையாட்டை இப்போதைய கணினியில் ஓடுகிற மாதிரி சரிசெய்து இணையத்தில் போட்டிருந்தார். இறக்கி, சாம்பல் வம்சத்தை எடுத்து ஆடினேன். அதே மழை, அதே ஊர். இந்தத் தடவை தட்டுகிறவள் நான். ஒவ்வொரு கதவாகப் போய் நின்றால், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆட்கள் குசுகுசுவென்று பேசுகிறார்கள். வேட்டை வம்சமாக ஆடும்போது அந்தக் குசுகுசுப்பு காதில் விழாது. திரையின் ஓரம் சிவந்ததும் கணினியை அணைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுபடி ஆடும்போது அந்தக் குறிப்பேட்டைத் திறந்தேன். அடையாளப் பட்டியலின் கீழே சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கிறது. அழுத்தினால் இரண்டாம் பக்கம் வருகிறது. நாங்கள் அன்று அதை அழுத்தவே இல்லை. இந்த அடையாளமெல்லாம் நோயாளிக்கும் உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது. வேட்டை வம்சத்து முன்னோர் இப்படிப் பல பேரை வாசலில் நிறுத்தியே சாகடித்தார்கள், அதனால் முதலில் கையைத் தொட்டுப் பார், சூடு இருந்தால் அது மனுஷ உயிர், கதவைத் திற என்று முடிகிறது. நான் தொட்டிருந்தேன். கொதித்தது என்று சொன்னேன் இல்லையா.

அத்தைக்கு வந்திருந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. உடம்பின் காவலே உடம்பைக் கடிக்கிற நோய், வெயில் ஆகவே ஆகாது, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் கைவைத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம், ஒரு மத்தியானம் வெயிலில் நின்றால் சாவு வருமா என்று பொதுப்படையாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு நாள் வெயில் கொல்லாதும்மா, தள்ளிப்போட்ட மாசங்கள்தான் கொல்லும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

புரட்டாசியில் அத்தையை மூச்சுத்திணறலோடு மதுரைக்குத் தூக்கிப்போன பிறகுதான் அப்பாவுக்குத் தகவல் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் பேசுகிற நிலையில் இல்லை. மூன்றாம் நாள் வேனில் கொண்டுவந்தார்கள். மாமா வீட்டார் வருசநாட்டுக்கு என்றார்கள். அப்பா ஒரே பிடியாக எங்கள் வீட்டுக்குத்தான் என்று கொண்டுவந்துவிட்டார்.

ஆனால் வெளியே உயிர் போனவர்களை வீட்டுக்குள் ஏற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வாசலில் சாமியானா கட்டி, முருங்கைக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். படிக்கு ஒரு அடி தள்ளி. சாவு விழுந்த துட்டி வீட்டில் யாரையும் வாங்க என்று கேட்கக் கூடாது, வந்தவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கூட்டம் அது பாட்டுக்கு வந்தது, பேசாமல் உட்கார்ந்தது, பேசாமல் எழுந்து போனது. நானும் அக்காவும் கிராதிக்குப் பின்னால் நின்றோம். வெளியே வரச் சொல்லி அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். எங்களால் அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை.

அத்தையோடு வேனில் வந்த மஞ்சள் பையை அம்மாதான் திறந்தாள். ஒரு சீப்பு, ஒரு சேலை, பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு. தேனி டாக்டர் எழுதியது. உடனே மதுரைக்குக் கூட்டிப்போகவும் என்று இருந்தது. மாமா வீட்டில் யாரும் கூட்டிப்போக ஒத்துக்கொள்ளவில்லை போல. அப்பா சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். மே மாதத் தேதி. அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மே மாசமே எழுதிக் குடுத்துருக்காக. எங்கிட்ட வந்துருக்கலாம்ல ஆத்தா. என்ன ரோசம் உனக்கு? ஒரு தடவ இங்கன வந்து நின்னுருந்தா நான் வான்னு சொல்லாமலா போயிருப்பேன்?”

அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பொங்கலுக்கு அக்காவும் நானும் குடும்பத்தோடு போவோம். எல்லோருக்கும் இலை போட்டு உட்கார்ந்ததும் அவருக்குத் தங்கச்சி நினைப்பு வந்துவிடும். பேரப்பிள்ளைகளிடம் அதே கதையை முதலிலிருந்து சொல்வார். பிடிவாதக்காரி, கடைசிவரைக்கும் அண்ணன் வாசலுக்கு வரவே இல்லை என்பார். அக்கா மோர் எடுத்து வருவதாக அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் அவர் இலையில் சோறு வைத்து, சாப்பிடுங்கப்பா என்பேன்.